குழந்தைக்குக் காய்ச்சல்: உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அபாய அறிகுறிகள் எவை?

புதுதில்லி: ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு ஏற்படும் காய்ச்சலில் பெரும்பகுதி, சில நாள்களில் தானாகவே தணிந்துவிடும் சாதாரண வைரஸ் தொற்றினால் வருவது. எனினும் நிமோனியா, மூளை உறை அழற்சி, இரத்தத்தில் பரவும் கிருமித் தொற்று, மலேரியா, டெங்கு போன்ற உயிருக்கு ஆபத்தான நோய்களும் இதே காய்ச்சலுடன்தான் தொடங்குகின்றன. முதல் நாளில் இவ்விரண்டு வகைக் காய்ச்சலும் பார்ப்பதற்கு ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். அவற்றை வேறுபடுத்திக் காட்டுவது பெரும்பாலும் வெப்பமானி காட்டும் எண் அல்ல. குழந்தை பால் குடிக்கும் விதம், மூச்சு விடும் விதம், விழித்துப் பார்க்கும் விதம், சிறுநீர் கழிக்கும் அளவு ஆகியவையே.

இந்தியாவில் 2020-ஆம் ஆண்டில் உயிருடன் பிறந்த ஒவ்வொரு 1,000 குழந்தைகளிலும் 32 குழந்தைகள் ஐந்து வயதை எட்டும் முன்னரே உயிரிழந்ததாக மாதிரிப் பதிவு முறையின் அறிக்கை தெரிவிக்கிறது. இம்மரணங்களில் கணிசமானவை, உரிய நேரத்தில் சிகிச்சை கிடைத்திருந்தால் தவிர்க்கப்பட்டிருக்கக் கூடியவை. நோய் முற்றுவதை வீட்டில் உள்ளோர் அறிவதில் தாமதம், மருத்துவமனைக்குச் செல்ல முடிவெடுப்பதில் தாமதம், அங்கு சென்றடைவதில் தாமதம் எனத் தாமதம் மூன்று கட்டங்களில் ஏற்படுகிறது. இவற்றுள் முதல் தாமதத்தைக் குறைப்பது பெற்றோரின் கையில் உள்ளது.

எண்ணை விடக் குழந்தையின் நிலையே முக்கியம்

காய்ச்சல் என்பது நோய் அன்று. தொற்றை எதிர்த்து உடல் செயல்படுவதன் அடையாளம். இந்தியாவில் பின்பற்றப்படும், பச்சிளங்குழந்தை மற்றும் குழந்தைப் பருவ நோய்களுக்கான ஒருங்கிணைந்த மேலாண்மை நெறிமுறையின்படி, அக்குளில் வைத்து அளக்கும்போது 37.5 டிகிரி செல்சியஸ், அதாவது 99.5 டிகிரி பாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் இருந்தால் அது காய்ச்சலாகக் கொள்ளப்படுகிறது. நெற்றியில் கை வைத்துப் பார்ப்பது ஓரளவு உதவும் என்றாலும், டிஜிட்டல் வெப்பமானியால் அளந்து, நேரத்துடன் குறித்து வைப்பதே நம்பகமானது.

ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைகளில் காய்ச்சலின் உயரத்தை மட்டும் கொண்டு நோயின் கடுமையை மதிப்பிடக் கூடாது என்பது பிரிட்டனின் தேசிய சுகாதார மற்றும் பராமரிப்புச் சிறப்பு நிறுவனம் வெளியிட்டுள்ள வழிகாட்டுதலின் முக்கிய அம்சமாகும். 103 டிகிரி பாரன்ஹீட் காய்ச்சலிலும் விளையாடி, பால் குடித்து, தாயைப் பார்த்துச் சிரிக்கும் குழந்தையை விட, 100 டிகிரி காய்ச்சலில் துவண்டு கிடந்து, எழுப்பினாலும் கண் திறவாத குழந்தையே அதிக ஆபத்தில் இருக்கிறது.

இதற்கு விதிவிலக்கு, மிகச் சிறிய குழந்தைகள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 டிகிரி பாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் காய்ச்சல் இருந்தால், வேறு எந்த அறிகுறியும் இல்லாவிடினும் உடனடியாக மருத்துவரிடம் காட்ட வேண்டும். மூன்று முதல் ஆறு மாதம் வரையிலான குழந்தைக்கு 39 டிகிரி செல்சியஸ், அதாவது 102.2 டிகிரி பாரன்ஹீட்டை எட்டினாலும் தாமதமின்றி மருத்துவ ஆலோசனை பெறுவது அவசியம்.

நான்கு பொதுவான அபாய அறிகுறிகள்

உலக சுகாதார அமைப்பும் யுனிசெஃப் அமைப்பும் உருவாக்கிய நெறிமுறையை, பிறந்த முதல் வாரக் குழந்தைகளையும் உள்ளடக்கும் வகையில் விரிவுபடுத்தி இந்தியா ஏற்றுக்கொண்டது. கிராமச் சுகாதாரப் பணியாளர்களுக்கும் செவிலியர்களுக்கும் இதில் பயிற்சி அளிக்கப்படுகிறது. இரண்டு மாதம் முதல் ஐந்து வயது வரையிலான, நோயுற்ற எந்தக் குழந்தையிடமும் முதலில் பார்க்க வேண்டியவையாக இந்நெறிமுறை நான்கு அறிகுறிகளைக் குறிப்பிடுகிறது.

முதலாவது, குழந்தையால் தாய்ப்பாலோ நீரோ குடிக்க இயலாமை. உணவில் நாட்டம் குறைவது காய்ச்சலின்போது இயல்பே. ஆனால் பாலைச் சப்பி விழுங்கும் வலுவே இல்லாதிருப்பது வேறு. மூக்கடைப்பினால் குடிக்க முடியவில்லையோ என்ற ஐயம் இருந்தால், மூக்கைச் சுத்தம் செய்து மீண்டும் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, உட்கொள்வது அனைத்தையும் வாந்தி எடுத்தல். ஓரிரு முறை வாந்தி எடுத்தாலும் சிறிதளவேனும் வயிற்றில் தங்கினால் அது இந்த வகையில் சேராது. எதுவுமே தங்காத நிலையில், வாய்வழியாகக் கொடுக்கும் மருந்தும் பயன் தராது.

மூன்றாவது, இந்நோயின்போது வலிப்பு ஏற்பட்டிருத்தல். கை கால்கள் விறைத்து வெட்டி இழுப்பதும், கண்கள் மேலே செருகுவதும், அழைத்தால் உணர்வின்றி இருப்பதும் வலிப்பின் அடையாளங்கள்.

நான்காவது, மந்தமான நிலை அல்லது நினைவிழப்பு. காய்ச்சலில் குழந்தை கூடுதலாக உறங்கக் கூடும். எழுப்பினால் விழித்து, அழுது, தாயை அடையாளம் கண்டுகொண்டால் அது உறக்கம். எழுப்பியும் விழிக்காமலோ, விழித்தும் சுற்றிலும் நடப்பதைக் கவனிக்காமல் வெறித்துப் பார்த்தவாறோ இருந்தால் அது அபாயம்.

இந்நான்கில் ஒன்று மட்டும் இருந்தாலும் வீட்டிலேயே காத்திருக்கக் கூடாது. இரவு நேரம் என்பதும், மறுநாள் காலையில் மருத்துவர் வருவார் என்பதும் காத்திருப்பதற்கான காரணங்கள் ஆகா.

மூச்சை எண்ணுவது எப்படி?

இந்தியாவில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் இறப்புக்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று நிமோனியா. இது குறித்த விழிப்புணர்வுக்காக மத்திய சுகாதார மற்றும் குடும்ப நல அமைச்சகம் 2019-ஆம் ஆண்டு ‘சான்ஸ்’ என்ற பிரசார இயக்கத்தைத் தொடங்கியது. நிமோனியாவை ஸ்டெதஸ்கோப், எக்ஸ்-ரே ஆகிய எதுவுமின்றி, மூச்சின் வேகத்தைக் கொண்டே வீட்டில் சந்தேகிக்க முடியும்.

குழந்தை அழாமலும் பால் குடிக்காமலும் அமைதியாக இருக்கும்போது, சட்டையை உயர்த்தி, வயிறும் மார்பும் ஏறி இறங்குவதைப் பார்த்து, முழுமையாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். 15 விநாடிகள் மட்டும் எண்ணி நான்கால் பெருக்குவது சிறு குழந்தைகளிடம் தவறான விடையைத் தரும். அவர்களின் மூச்சு சீரான இடைவெளியில் இருப்பதில்லை.

நிமிடத்துக்கு, இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதம் முதல் ஓராண்டு வரை 50 அல்லது அதற்கு மேல், ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது வேகமான மூச்சு எனக் கொள்ளப்படுகிறது. இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு எண்ணிக்கை கூடுதலாக இருந்தால் மீண்டும் ஒருமுறை எண்ணி உறுதிப்படுத்த வேண்டும். காய்ச்சலே மூச்சின் வேகத்தைச் சற்றுக் கூட்டும் என்பதால், சூடு தணிந்த பிறகும் ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நல்லது.

கீழ்க்காணும் அறிகுறிகள் தென்பட்டால், எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதே இல்லை: மூச்சை உள்ளே இழுக்கும்போது மார்பின் கீழ்ப்பகுதி குழி விழுதல், மூக்கின் துளைகள் விரிதல், ஒவ்வொரு மூச்சுக்கும் முனகல் ஒலி எழுதல், அமைதியாக இருக்கும்போதும் மூச்சை இழுக்கையில் கரகரவென்ற ஒலி கேட்டல், உதடும் நாக்கும் நீலம் பூத்தல். இவை குழந்தைக்குப் போதிய ஆக்சிஜன் கிடைக்கவில்லை என்பதைக் காட்டக் கூடியவை. ஆக்சிஜன் வசதியுள்ள மருத்துவமனைக்கே நேராகச் செல்ல வேண்டும்.

இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை

பச்சிளங்குழந்தைகளின் நோய் எதிர்ப்புத் திறன் குறைவு. தொற்று சில மணி நேரத்திலேயே இரத்தத்திலும் மூளை உறையிலும் பரவக் கூடும். அவர்கள் நோயை வெளிப்படுத்தும் விதமும் வேறு. பெரிய குழந்தைகளுக்குத் தொற்று ஏற்பட்டால் உடல் சுடும். பச்சிளங்குழந்தைக்கு உடல் குளிர்ந்தும் போகலாம். அக்குளில் 35.5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வெப்பநிலை இறங்குவதும், 37.5 டிகிரியை எட்டுவதும் இவ்வயதில் ஒரே அளவு கவலைக்குரியவை.

நேற்று வரை நன்றாகப் பால் குடித்த குழந்தை இன்று மார்பைப் பற்றாதிருத்தல், வழக்கத்தை விடக் குறைவாகக் கை கால்களை அசைத்தல், அழுகை மெலிந்து ஈனக்குரலாகவோ வழக்கத்துக்கு மாறாகக் கீச்சென்றோ ஒலித்தல், உச்சிக்குழி புடைத்தல், தொப்புளைச் சுற்றிச் சிவந்து தோலில் பரவுதல், உடலில் பத்து அல்லது அதற்கு மேற்பட்ட சீழ்க்கொப்புளங்கள் அல்லது ஒரு பெரிய சீழ்க்கட்டி தோன்றுதல் ஆகியவை உடனடியாக மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டிய அறிகுறிகள். பிறந்து 28 நாள்களுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கென மாவட்ட மருத்துவமனைகளில் சிறப்புப் பச்சிளங்குழந்தைப் பராமரிப்புப் பிரிவுகள் செயல்படுகின்றன.

தடுப்பூசி போட்ட பின்னர் ஓரிரு நாள்கள் இலேசான காய்ச்சல் வருவது வழக்கம். ஆயினும் மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு வரும் காய்ச்சலைத் தடுப்பூசியால் வந்ததென்று பெற்றோர் தாமாகவே முடிவு செய்துகொள்ளாமல், மருத்துவரின் கருத்தைப் பெற வேண்டும்.

தோல், நிறம், கழுத்து

காய்ச்சலுடன் தோலில் புள்ளிகள் தோன்றினால், அவை அழுத்தும்போது மறைகின்றனவா எனப் பார்க்க வேண்டும். ஒளி ஊடுருவும் கண்ணாடிக் குவளையின் பக்கவாட்டைப் புள்ளிகளின் மீது அழுத்தினால், சாதாரண வைரஸ் தடிப்புகள் வெளிறி மறையும். அழுத்தியும் மறையாத சிவப்பு அல்லது ஊதா நிறப் புள்ளிகள், தோலுக்கு அடியில் இரத்தம் கசிவதன் அடையாளம். மூளை உறை அழற்சியை ஏற்படுத்தும் கிருமி இரத்தத்தில் பரவியிருந்தாலும், டெங்கு தீவிரமடைந்திருந்தாலும் இவை தோன்றக் கூடும். இந்நிலையில் ஒரு மணி நேரத் தாமதமும் ஆபத்தானது.

மாநிறமும் கறுப்பும் கொண்ட குழந்தைகளிடம் புள்ளிகளும் நிற மாற்றமும் எளிதில் புலப்படுவதில்லை. உள்ளங்கை, உள்ளங்கால், கீழ் இமையின் உட்புறம், உதடு, நாக்கு, நகக்கண் ஆகியவற்றைப் பகல் வெளிச்சத்திலோ நல்ல விளக்கொளியிலோ பார்க்க வேண்டும். விரல் நுனியை அழுத்தி விட்டபின் பழைய நிறம் திரும்ப மூன்று விநாடிகளோ அதற்கு மேலோ ஆனால், உடலில் இரத்த ஓட்டம் குறைந்துள்ளது எனப் பொருள். உடல் சுடும்போதே கை கால்கள் சில்லிட்டு, தோல் வெளிறித் திட்டுத்திட்டாகத் தெரிவதும் இத்தகையதே.

கழுத்தை முன்புறம் வளைக்க முடியாமல் விறைத்திருப்பது மூளை உறை அழற்சியின் அறிகுறி. ஒன்றரை வயதுக்கு உட்பட்ட குழந்தைகளிடம் கழுத்து விறைப்பு தெளிவாகத் தெரியாமல் போகலாம். அவர்களிடம் உச்சிக்குழி புடைத்திருப்பதும், தூக்கினால் மேலும் வீறிட்டு அழுவதும் கவனிக்கத் தக்கவை. ஒரு கையையோ காலையோ அசைக்க மறுப்பதும், மூட்டு வீங்கியிருப்பதும் எலும்பிலோ மூட்டிலோ தொற்று இருப்பதைக் காட்டலாம்.

நீரிழப்பும் சிறுநீரின் அளவும்

காய்ச்சலோடு வாந்தி, வயிற்றுப்போக்கு சேரும்போது குழந்தையின் உடலிலிருந்து நீர் வேகமாக வெளியேறுகிறது. கண்கள் குழி விழுதல், அழுதாலும் கண்ணீர் வராமை, வாய் உலர்தல், வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகவே பழைய நிலைக்குத் திரும்புதல் ஆகியவை நீரிழப்பின் அறிகுறிகள். வயிற்றுப்போக்கு உள்ள குழந்தைக்கு ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கரண்டியால் சிறிது சிறிதாகத் தொடர்ந்து கொடுக்க வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. மருத்துவர் அறிவுறுத்தியபடி துத்தநாக மாத்திரையை 14 நாள்கள் கொடுக்க வேண்டும்.

குழந்தை கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தது என்பதை நினைவில் வைத்திருப்பது மிக எளிய, ஆனால் மிகப் பயனுள்ள கவனிப்பு. அரை நாளாகச் சிறுநீர் கழிக்கவில்லை என்றால் மருத்துவரை அணுக வேண்டும். 2025-ஆம் ஆண்டு மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்திலும் அதன் சுற்றுப்பகுதிகளிலும், சளி, காய்ச்சலுக்காகக் கொடுக்கப்பட்ட இருமல் மருந்தில் டை-எத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு கலந்திருந்ததால் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து உயிரிழந்தனர். அம்மருந்து தமிழ்நாட்டின் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரிக்கப்பட்டது. பாதிக்கப்பட்ட குழந்தைகளிடம் சிறுநீர் குறைந்து, பின்னர் நின்றுபோனது முக்கிய அறிகுறியாக இருந்தது. அதைத் தொடர்ந்து, இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்துகளைப் பரிந்துரைக்கக் கூடாது எனவும், ஐந்து வயதுக்கு உட்பட்டோருக்குப் பொதுவாக அவை தேவையில்லை எனவும் மத்திய சுகாதாரச் சேவைகள் தலைமை இயக்குநரகம் அறிவுறுத்தியது.

வலிப்பு வந்தால் என்ன செய்ய வேண்டும்?

ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளில் நூற்றில் இரண்டு முதல் ஐந்து பேருக்குக் காய்ச்சலின்போது வலிப்பு வருகிறது. பெரும்பாலும் இது சில நிமிடங்களில் தானாக நின்றுவிடும். மூளைக்கு நிலையான பாதிப்பை ஏற்படுத்துவதில்லை. ஆயினும் அதே வலிப்பு மூளை உறை அழற்சியாலோ மலேரியாவாலோ வந்ததா என்பதை வீட்டில் தீர்மானிக்க முடியாது. எனவே முதன்முறை வலிப்பு வந்த எந்தக் குழந்தையையும் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும்.

வலிப்பு வரும்போது குழந்தையைச் சமதளத்தில் ஒருக்களித்துப் படுக்க வைத்து, கழுத்தைச் சுற்றியுள்ள துணியைத் தளர்த்தி, வலிப்பு எத்தனை நிமிடம் நீடிக்கிறது எனக் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். வாயில் கரண்டி, துணி, விரல் எதையும் வைக்கக் கூடாது. நீரோ மருந்தோ ஊற்றக் கூடாது. கை கால்களை அழுத்திப் பிடிக்கக் கூடாது. கையில் இரும்பைக் கொடுப்பதால் எப்பயனும் இல்லை. ஐந்து நிமிடங்களைத் தாண்டினாலோ, மீண்டும் வலிப்பு வந்தாலோ, வலிப்பு நின்ற பின்னரும் நினைவு திரும்பாவிட்டாலோ உடனடியாக ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

காய்ச்சல் தணிந்த பிறகு வரும் ஆபத்து

காய்ச்சல் இறங்கினால் நோய் தீர்ந்தது என்ற எண்ணம் டெங்குவில் பொருந்தாது. டெங்குக் காய்ச்சல் பொதுவாக இரண்டு முதல் ஏழு நாள்கள் நீடிக்கும். அது தணியத் தொடங்கும் கட்டத்தில், பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையே, சில குழந்தைகளுக்கு இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து இரத்த அழுத்தம் வீழ்ச்சியடைகிறது. அடுத்த 24 முதல் 48 மணி நேரமே மிகவும் நெருக்கடியானது.

இக்கட்டத்தில் கடுமையான வயிற்றுவலி, தொடர் வாந்தி, மூக்கிலோ பல் ஈறிலோ இரத்தக் கசிவு, கறுப்பு நிற மலம், மிகுந்த சோர்வு அல்லது அமைதியின்மை, குளிர்ந்த கை கால்கள், சிறுநீர் குறைதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். தட்டணுக்களின் எண்ணிக்கையை மட்டுமே பார்த்து நிம்மதி அடைவதோ அஞ்சுவதோ சரியன்று. இரத்தத்தின் அடர்த்தியையும் குழந்தையின் நிலையையும் சேர்த்தே மருத்துவர்கள் முடிவெடுக்கின்றனர்.

இடத்துக்கும் பருவத்துக்கும் ஏற்ற எச்சரிக்கை

ஒரே காய்ச்சல், நாட்டின் வெவ்வேறு பகுதிகளில் வெவ்வேறு நோய்களைச் சுட்டலாம். ஒடிசா, சத்தீஸ்கர், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள் ஆகியவற்றின் காட்டுப்பகுதிகளில் காய்ச்சல் வந்த ஒவ்வொரு குழந்தைக்கும் மலேரியா பரிசோதனை அவசியம். ஆஷா பணியாளர்களிடம் உள்ள விரைவுப் பரிசோதனைக் கருவி ஏறத்தாழ 20 நிமிடங்களில் முடிவைத் தந்துவிடும். இப்பகுதிகளுக்குப் பயணம் சென்று திரும்பிய குழந்தைக்கும் இது பொருந்தும்.

உத்தரப் பிரதேசத்தின் கோரக்பூர் பகுதியில் பருவமழைக் காலத்தில் குழந்தைகளைத் தாக்கும் மூளை அழற்சிக்கு, ஸ்க்ரப் டைபஸ் முக்கியக் காரணங்களுள் ஒன்று என ஆய்வுகள் தெரிவித்தன. புதர்களில் வாழும் ஒருவகைச் சிற்றுண்ணி கடிப்பதால் பரவும் இந்நோயில், அக்குள், தொடை இடுக்கு, காதின் பின்புறம் போன்ற இடங்களில் சுட்ட புண் போன்ற கருநிறப் பொருக்கு காணப்படலாம். அதைக் கண்டவுடன் மருத்துவரிடம் காட்டினால், எளிதில் கிடைக்கும் மருந்துகளாலேயே நோயைக் கட்டுப்படுத்த முடியும்.

மகாராஷ்டிரத்தின் நாகபுரி மாவட்டத்திலுள்ள சண்டிபுரா என்ற கிராமத்தில் 1965-ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட சண்டிபுரா வைரஸ், 2003-ஆம் ஆண்டு ஆந்திரப் பிரதேசத்திலும் மகாராஷ்டிரத்திலும், 2024-ஆம் ஆண்டு குஜராத்திலும் குழந்தைகளின் உயிரைப் பறித்தது. மணல் ஈக்களால் பரவும் இந்நோயில் திடீர்க் காய்ச்சலைத் தொடர்ந்து வாந்தி, வலிப்பு, நினைவிழப்பு ஆகியவை அடுத்தடுத்து வருகின்றன. 24 முதல் 48 மணி நேரத்துக்குள் நிலைமை கைமீறிவிடக் கூடும்.

பிகாரின் முசாஃபர்பூரில் ‘சம்கி காய்ச்சல்’ என மக்கள் அழைக்கும் மூளைப் பாதிப்பால் 2019-ஆம் ஆண்டு 100-க்கும் மேற்பட்ட குழந்தைகள் உயிரிழந்தனர். பாதிக்கப்பட்ட பலரிடம் இரத்தச் சர்க்கரையின் அளவு மிகவும் குறைந்திருந்தது. முன்னதாக 2014-ஆம் ஆண்டின் பாதிப்பை ஆராய்ந்த வல்லுநர்கள், லிச்சிப் பழத்தை உண்டதுடன் இரவு உணவு உண்ணாமல் உறங்கியதும் ஆபத்தை அதிகரித்ததாகக் கண்டறிந்தனர். இரவில் உணவளித்து உறங்க வையுங்கள், எழுப்பிப் பாருங்கள், அறிகுறி தெரிந்தால் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள் என்ற மூன்று செய்திகளைப் பிகார் அரசு கிராமங்கள்தோறும் பரப்பியது. நோயுற்ற குழந்தையை வெறும் வயிற்றுடன் உறங்க விடக் கூடாது என்பது எல்லா மாநிலங்களுக்கும் பொருந்தும் பாடம்.

மருந்து கொடுப்பதில் கவனம்

காய்ச்சலைத் தணிக்கப் பாராசிட்டமால் போதுமானது. குழந்தையின் எடையில் ஒரு கிலோவுக்கு 15 மில்லி கிராம் என்பது ஒரு வேளைக்கான அளவு. இரு வேளைகளுக்கு இடையே குறைந்தது நான்கு முதல் ஆறு மணி நேர இடைவெளி வேண்டும். 24 மணி நேரத்தில் நான்கு வேளைக்கு மேல் கொடுக்கக் கூடாது. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கவே கூடாது.

இதில் நேரும் பெரும் தவறு, மருந்தின் செறிவைக் கவனியாமை. 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு வேளைக்கு 150 மில்லி கிராம் தேவை. 5 மில்லி லிட்டரில் 125 மில்லி கிராம் உள்ள சிரப் என்றால் அது 6 மில்லி லிட்டர். 250 மில்லி கிராம் உள்ள சிரப் என்றால் 3 மில்லி லிட்டர். ஒரு மில்லி லிட்டரில் 100 மில்லி கிராம் உள்ள சொட்டு மருந்து என்றால் ஒன்றரை மில்லி லிட்டர் மட்டுமே. சொட்டு மருந்தைச் சிரப்பின் அளவில் கொடுத்தால் பல மடங்கு கூடுதலாகச் சென்று கல்லீரலைப் பாதிக்கும். வீட்டுக் கரண்டியைத் தவிர்த்து, மருந்துடன் வரும் அளவுக் குவளையையோ சிரிஞ்சையோ பயன்படுத்த வேண்டும்.

ஆஸ்பிரின் குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது. மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரே நோய்க்குறி என்ற அரிய பாதிப்பை அது தூண்டலாம். நிமெசுலைடு மருந்தை 12 வயதுக்கு உட்பட்டோருக்குப் பயன்படுத்த மத்திய அரசு 2011-ஆம் ஆண்டிலேயே தடை விதித்தது. டெங்கு சந்தேகம் உள்ளபோது இரத்தக் கசிவைக் கூட்டக் கூடிய ஐபுபுரூஃபனையும் தவிர்க்க வேண்டும். முந்தைய நோய்க்கு வாங்கி எஞ்சிய ஆன்டிபயாடிக் மருந்தைக் கொடுப்பது, நோயைக் குணப்படுத்தாமல் அதன் அறிகுறிகளை மட்டும் மறைத்துவிடக் கூடும்.

மருந்துக்குச் சூடு இறங்கிவிட்டது என்பது நோய் சாதாரணமானது என்பதற்குச் சான்றாகாது. கடுமையான தொற்றிலும் பாராசிட்டமால் சூட்டைக் குறைக்கும். சூடு இறங்கியபின் குழந்தை விளையாடுகிறதா, குடிக்கிறதா என்பதையே பார்க்க வேண்டும்.

செய்யக் கூடாதவை

பனிக்கட்டி, குளிர்ந்த நீர், ஸ்பிரிட் ஆகியவற்றால் உடலைத் துடைக்கக் கூடாது. நடுக்கம் ஏற்பட்டு உடலின் உள்வெப்பம் கூடும். கம்பளியால் இறுகச் சுற்றுவதும் தவறு. இலேசான பருத்தி ஆடையும் காற்றோட்டமும் போதும்.

மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், ஒடிசா மாநிலங்களின் சில பகுதிகளில், மூச்சுத்திணறும் குழந்தையின் வயிற்றில் காய்ச்சிய இரும்பால் சூடு வைக்கும் வழக்கம் இன்னும் மறையவில்லை. மத்தியப் பிரதேசத்தின் ஷாடோல் மாவட்டத்தில் 2023-ஆம் ஆண்டு இவ்வாறு சூடு வைக்கப்பட்ட, நிமோனியாவால் பாதிக்கப்பட்ட பச்சிளங்குழந்தைகள் உயிரிழந்தனர். மார்பு குழி விழுவது நிமோனியாவின் அடையாளம் என்பதை அக்குடும்பத்தினர் அறிந்திருந்தால், கையில் இரும்புக்குப் பதிலாகக் குழந்தையை எடுத்திருப்பார்கள்.

மருத்துவமனைக்குச் செல்லும் வழியில்

பெரும்பாலான மாநிலங்களில் 108 என்ற எண்ணில் அவசர ஆம்புலன்ஸைக் கட்டணமின்றி அழைக்கலாம். 2011-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்கீழ், ஓராண்டுக்கு உட்பட்ட நோயுற்ற குழந்தைகளுக்கு அரசு மருத்துவமனைகளில் சிகிச்சை, மருந்து, பரிசோதனை, போக்குவரத்து ஆகியவை இலவசமாக அளிக்கப்படுகின்றன.

விழுங்கும் நிலையில் உள்ள குழந்தைக்கு வழியெங்கும் தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே செல்ல வேண்டும். தாய்ப்பால் குடிக்காத குழந்தைக்கு, 200 மில்லி லிட்டர் சுத்தமான நீரில் நான்கு தேக்கரண்டி சர்க்கரை கலந்து சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். இது இரத்தச் சர்க்கரை குறைவதைத் தடுக்கும். நினைவிழந்த குழந்தையின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. உடல் குளிர்ந்துள்ள பச்சிளங்குழந்தையைத் தாயின் மார்போடு தோலுடன் தோல் படுமாறு அணைத்து, மேலே துணியால் போர்த்திக் கொண்டுசெல்ல வேண்டும்.

மருத்துவரிடம் கூற வேண்டியவை: காய்ச்சல் தொடங்கிய நாளும் நேரமும், அளந்த வெப்பநிலைகள், கொடுத்த மருந்துகளின் பெயர், அளவு, நேரம், கடைசியாகப் பால் குடித்த நேரம், கடைசியாகச் சிறுநீர் கழித்த நேரம், வலிப்பு வந்திருந்தால் நீடித்த நிமிடங்கள், அண்மைப் பயணங்கள். தடுப்பூசி விவரம் உள்ள தாய் சேய் பாதுகாப்பு அட்டையையும், கொடுத்த மருந்துப் புட்டிகளையும் கையோடு எடுத்துச் செல்வது நல்லது.

சுருக்கமாக

உடனே செல்ல வேண்டியவை: பால் குடிக்க இயலாமை, அனைத்தையும் வாந்தி எடுத்தல், வலிப்பு, எழுப்ப முடியாத மயக்கம், மார்பு குழி விழுதல் அல்லது முனகல், நீலம் பூத்தல், அழுத்தியும் மறையாத புள்ளிகள், உச்சிக்குழி புடைப்பு, கழுத்து விறைப்பு, குளிர்ந்து வெளிறிய கை கால்கள், இரத்தக் கசிவு, மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு வந்த காய்ச்சல்.

அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டியவை: வேகமான மூச்சு, சிறுநீர் குறைதல், சிறுநீர் கழிக்கும்போது அழுதல், மூட்டு வீக்கம், மூன்று நாள்களைக் கடந்த காய்ச்சல், ஒருமுறை தணிந்து மீண்டும் வந்த காய்ச்சல். ஐந்து நாள்களுக்கு மேல் நீடிக்கும் காய்ச்சலுக்குக் கட்டாயம் காரணம் கண்டறியப்பட வேண்டும். இவ்விரு பட்டியலிலும் எதுவும் இல்லாமல், குழந்தை குடித்து, விளையாடி, சிறுநீர் கழித்து வந்தால் வீட்டிலேயே கவனிக்கலாம்; ஆனால் இரவில் இரண்டு, மூன்று முறையாவது எழுந்து பார்க்க வேண்டும்.

எந்தப் பட்டியலிலும் அடங்காத ஓர் அறிகுறியும் உண்டு. ‘குழந்தை வழக்கம்போல இல்லை’ என்று தாயோ பாட்டியோ உணர்வதை மருத்துவ வழிகாட்டுதல்களும் கருத்தில் கொள்ளச் சொல்கின்றன. ஒருமுறை காட்டித் திரும்பிய பிறகும் அவ்வுணர்வு நீடித்தாலோ, நிலைமை மோசமானாலோ, அதே நாளில் மீண்டும் மருத்துவமனைக்குச் செல்லத் தயங்க வேண்டியதில்லை.